சர்வரின் பெயர் மாறியது, எஸ்க்யூஎல் சர்வருக்குள் மட்டும் பழைய பெயர்

கேள்வி: உதிரிபாக விற்பனை நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இருப்பு, பில், கணக்கு எல்லாம் ‘கிடங்கு’ என்ற சர்வரில், எஸ்க்யூஎல் சர்வர் 2014 என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தன. புது இயந்திரம் வாங்கி, அதற்குக் ‘கிடங்கு-நியூ’ என்று பெயர் வைத்து, விண்டோஸ் சர்வர் 2022-உம் எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்டும் போட்டு, தரவுத்தளங்களை ரீஸ்டோர் செய்து சோதித்தோம். ஞாயிற்றுக்கிழமை பழைய இயந்திரத்தைக் ‘கிடங்கு-ஓல்ட்’ என்று மாற்றிவிட்டு, புதியதற்குக் ‘கிடங்கு’ என்ற பெயரைக் கொடுத்தோம். எல்லாக் கணினிகளிலும் பில் போட முடிகிறது. ஆனால் இரவு பேக்கப் ஓடவில்லை. வருகைப்பதிவு சர்வருக்குப் போகும் லிங்க்டு சர்வர் இணைப்பு வேலை செய்யவில்லை. விண்டோஸ் லாகினில் திறக்கும் எக்செல் அறிக்கைகளில் ‘எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட்’ பிழை வருகிறது. எஸ்க்யூஎல் சர்வரிடம் அதன் பெயரை @@சர்வர்நேம் என்று கேட்டால் இன்னும் ‘கிடங்கு-நியூ’ என்கிறது. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இன்ஸ்டாலேஷனில் பழுது எதுவும் தெரியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் பெயரும் இயந்திரமும் மாறியதால் வந்தவைதான். ஆனால் நான்குக்கும் இருப்பிடம் வேறு வேறு. @@சர்வர்நேமைச் சரிசெய்தால் மற்ற மூன்றும் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆகாது.

முதலில் எளிதானது. விண்டோஸில் கணினியின் பெயரை மாற்றி ரீபூட் செய்ததும் எஸ்க்யூஎல் சர்வர் புதுப் பெயரில் இணைப்புகளை ஏற்க ஆரம்பித்துவிடும். உங்கள் பில் கணினிகள் தடையில்லாமல் ஓடுவது அதனால்தான். ஆனால் இன்ஸ்டால் செய்த அன்றைக்கு இருந்த பெயரை அது மாஸ்டர் என்ற தன் சொந்தத் தரவுத்தளத்தில், சிஸ்.சர்வர்ஸ் பட்டியலின் சர்வர்_ஐடி 0 என்ற வரியில் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரி தானாக மாறாது. @@சர்வர்நேம் தருவது அந்த வரியில் உள்ள பெயரை. சர்வர்ப்ராபர்ட்டி தருவது விண்டோஸின் இன்றைய பெயரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள் (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

செலக்ட் @@சர்வர்நேம், சர்வர்ப்ராபர்ட்டி('சர்வர்நேம்');

இரண்டும் வேறாக வந்தால், முதலில் மாஸ்டர், எம்எஸ்டிபி (குறித்த நேர வேலைகளும் பேக்கப் வரலாறும் இருக்கும் தரவுத்தளம்) இரண்டுக்கும் கையால் ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, சிஸ்அட்மின் உரிமையுள்ள லாகினில் இவற்றை ஓட்டுங்கள்:

எக்ஸெக் எஸ்பி_ட்ராப்சர்வர் 'கிடங்கு-நியூ';
எக்ஸெக் எஸ்பி_ஆட்சர்வர் 'கிடங்கு', 'லோக்கல்';

பிறகு எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இயந்திரத்தை ரீபூட் செய்யத் தேவையில்லை. சர்வீஸை நிறுத்தும்போது, குறித்த நேர வேலைகளை (ஜாப்) ஓட்டும் ஏஜென்ட்டும் சேர்ந்து நிற்கும். மறுபடி அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பில் போடாத நேரத்தில் ஒரு கால்மணி ஒதுக்கினால் போதும்.

இந்த இரண்டு வரியில் அடிக்கடி நடக்கிற தவறு, இரண்டாவது கட்டளையில் ‘லோக்கல்’ என்பதை விட்டுவிடுவது. பிழை எதுவும் வராது. ஆனால் பெயர் வெளிச் சர்வராகப் பதிவாகிவிடும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு @@சர்வர்நேம் ‘நல்’ (மதிப்பு இல்லை) என்று காட்டும். அப்படியானால் அந்தப் பெயரை ட்ராப் செய்து ‘லோக்கல்’ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முதல் கட்டளை 15190 என்ற பிழையைத் தந்தால், அந்தப் பெயரின் கீழ் ரிமோட் லாகினோ லிங்க்டு லாகினோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஸ்பி_ஹெல்ப்ரிமோட்லாகின் ஓட்டி என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எஸ்பி_ட்ராப்சர்வர் கட்டளையில் பெயருக்குப் பின்னால் 'ட்ராப்லாகின்ஸ்' என்று சேர்த்தால் போய்விடும். 15015 வந்தால் அந்தப் பெயரில் சர்வரே இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும், எஸ்பி_ஹெல்ப்சர்வர் சரியான பெயரைக் காட்டும். நேம்டு இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயர் கொடுத்து இன்ஸ்டால் செய்த எஸ்க்யூஎல் சர்வர்) வைத்திருப்பவர்கள் இரண்டு கட்டளையிலும் ‘இயந்திரம்\இன்ஸ்டன்ஸ்’ என்று முழுப் பெயரும் கொடுக்க வேண்டும். மாற்ற முடிவது இயந்திரப் பகுதியை மட்டும்தான். இன்ஸ்டன்ஸின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் அப்போதுதான் மறுபடி இன்ஸ்டால் செய்கிற பேச்சு வரும்.

ரெப்ளிகேஷனோ மிரரிங்கோ (தரவை வேறு சர்வருக்கு நகலெடுக்கும் வசதிகள்) இருந்தால் பெயர் மாற்றத்துக்கு முன்பே அவற்றைக் கழற்றியிருக்க வேண்டும். கிளஸ்டருக்கும் ஆல்வேஸ் ஆனுக்கும் வழியே வேறு. இவை எதையும் நீங்கள் குறிப்பிடாததால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி பேக்கப். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்ற நிர்வாகத் திரையில் மெயின்டனன்ஸ் பிளான் (பேக்கப் போன்றவற்றைத் தானாக ஓட்டும் திட்டம்) போட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் பெயர் மாற்றத்தில் முதலில் விழுவது அதுதான். பிளான் என்பது உள்ளே ஓர் எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜ், அதாவது வேலைப்படிகளின் தொகுப்பு. ‘லோக்கல் சர்வர் கனெக்ஷன்’ என்று அதில் ஓர் இணைப்பு இருக்கும். பெயரில்தான் லோக்கல், உள்ளே, பிளானை உருவாக்கிய நாளில் சர்வருக்கு என்ன பெயரோ அது அப்படியே எழுதப்பட்டிருக்கும். உங்கள் பிளான் இப்போதும் ‘கிடங்கு-நியூ’வைத் தேடுகிறது. அப்படி ஓர் இயந்திரம் இல்லாததால் காத்திருந்து தோற்கிறது. அந்த இணைப்பை ஸ்டுடியோ திரையில் திருத்தவும் விடாது. எம்எஸ்டிபியில் சிஸ்எஸ்எஸ்ஐஎஸ்பேக்கேஜஸ் என்ற டேபிளுக்குள் கைவைத்துப் பெயரை மாற்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஓரிரு பிளானுக்காக அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். பிளானை அழித்துவிட்டுப் புதுப் பெயரில் மறுபடி போடுவது பத்து நிமிட வேலை. அழிக்கும்போது மெயின்டனன்ஸ் பிளான்ஸ் பகுதியில் பிளானையே அழியுங்கள். ஏஜென்ட்டுக்குள் போய் ஜாபை முதலில் அழிக்கப் பார்த்தால், பிளானின் துணைப்பகுதி அந்த ஜாபைப் பிடித்துக்கொண்டிருப்பதால் 547 பிழை வரும்.

உங்களுக்கு பேக்கப் தோற்றது ஒருவகையில் நல்லதே, தோற்றதால்தான் தெரிந்தது. பழைய சர்வரிலிருந்து பிளானை எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்கிறவர்கள் உண்டு. அதற்குள் இருப்பது பழைய சர்வரின் பெயர். சோதனைக் காலம் முழுவதும் புது சர்வரின் ஜாப் பச்சை டிக் காட்டும். உண்மையில் பேக்கப் ஆவது பழைய சர்வரின் தரவுத்தளம். புதுப் பிளான் ஒரு முறை ஓடியதும் எம்எஸ்டிபியில் பேக்கப்செட் டேபிளைத் திறந்து, சர்வர்_நேம், மெஷின்_நேம் என்ற இரண்டு பத்தியிலும் ‘கிடங்கு’ என்று இருக்கிறதா பாருங்கள். கோப்பு உருவாகியிருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அதை வேறு பெயரில் ஒரு தடவை ரீஸ்டோரும் செய்துபாருங்கள்.

அதே கையோடு பழைய பெயர் வேறெங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடிவிடுங்கள். ஜாப்களுக்கு எம்எஸ்டிபியின் சிஸ்ஜாப்ஸ்டெப்ஸில் கமாண்ட் பத்தி. ஸ்டோர்டு புரொசீஜர்களுக்கு ஒவ்வொரு தரவுத்தளத்திலும் சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸில் டெஃபினிஷன் பத்தி. இரண்டிலும் ‘கிடங்கு-நியூ’ என்று லைக் போட்டுத் தேடினால் போதும். சர்வரிலேயே இருக்கும் ஓடிபிசி டிஎஸ்என்களையும் (தரவுத்தளத்தோடு இணையச் சேமித்துவைத்த விவரங்கள்) விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உள்ளூர் விண்டோஸ் குழுக்களில் ‘கிடங்கு-நியூ’ என்று முடியும் ஒன்று கண்ணில் படலாம், எஸ்க்யூஎல் பிரவுசருக்காக இன்ஸ்டாலர் உருவாக்கியது. அதைத் தொடாதீர்கள். பெயர் பழையதாக இருந்தாலும் உரிமைகள் அதன் எஸ்ஐடி என்ற உள் அடையாள எண்ணில்தான் இருக்கின்றன.

லிங்க்டு சர்வருக்கு வருவோம். பிழையில் எந்தப் பயனரின் பெயர் வருகிறது என்று எழுதவில்லை. தீர்வு அதைப் பொறுத்தது. வருகைப்பதிவு சர்வரில் நீங்கள் உருவாக்கிய எஸ்க்யூஎல் லாகினின் பெயரோடு 18456 என்ற லாகின் பிழை வந்தால், கடவுச்சொல்தான் காரணம். லிங்க்டு சர்வர் விவரம் மாஸ்டரில் இருப்பதால் தரவுத்தள ரீஸ்டோரோடு வராது. பழைய சர்வரில் ஸ்கிரிப்ட் எடுத்துப் புதியதில் ஓட்டியிருப்பீர்கள். ஸ்டுடியோ அந்த ஸ்கிரிப்ட்டில் கடவுச்சொல்லை எழுதாது, அந்த இடத்தில் எட்டு ஹாஷ் குறிகளைப் போட்டுவிடும். அப்படியே ஓட்டினால் அந்த ஹாஷ் குறிகளே கடவுச்சொல்லாகப் பதிவாகும். செக்யூரிட்டி பக்கத்தில் சரியானதைத் தட்டினால் முடிந்தது.

பிழையில் ‘என்டி அதாரிட்டி\அனானிமஸ் லாகான்’ என்று வந்தால் கதை வேறு. ஊழியரின் கணினியிலிருந்து கிடங்குக்கு, அங்கிருந்து வருகைப்பதிவுக்கு என்று விண்டோஸ் அடையாளம் இரண்டு தாவல் தாவ வேண்டியிருக்கிறது. இரண்டாவது தாவலுக்கு, டிக்கெட் மூலம் அடையாளம் காட்டும் கெர்பரோஸ் முறை வேண்டும், அடையாளத்தை அடுத்த சர்வருக்குக் கடத்தும் டெலிகேஷன் அனுமதியும் வேண்டும். பழைய முறையான என்டிஎல்எம் முதல் தாவலோடு நின்றுவிடும். உங்கள் எக்செல் பிழையும் கெர்பரோஸ் பிழைதான் என்பதால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எஸ்எஸ்பிஐ பிழையின் வேர் எஸ்பிஎன். ‘கிடங்கு என்ற இயந்திரத்தின் 1433 போர்ட்டில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வீஸ் இன்ன கணக்கில் ஓடுகிறது’ என்று, டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும் பதிவு அது. பழைய சர்வீஸ் ஒரு டொமைன் கணக்கில் ஓடியிருந்தால், கிடங்கு என்ற பெயருக்கான எஸ்பிஎன் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். புது சர்வீஸ் வேறு கணக்கில் ஓடுகிறது. கிளையன்ட் டைரக்டரியைக் கேட்டு, பழைய கணக்குக்கான டிக்கெட்டை வாங்கி வந்து நீட்டுகிறது. புது சர்வீஸால் அதைப் பிரிக்க முடிவதில்லை. எஸ்பிஎன் அறவே இல்லாவிட்டால் இணைப்பு என்டிஎல்எம்முக்கு இறங்கி எப்படியோ வேலை நடந்துவிடும். தவறான எஸ்பிஎன் இருந்தால்தான் அடியோடு நிற்கும். பில் மென்பொருள் எஸ்க்யூஎல் லாகினில் நுழைவதால் அதற்கு இந்தச் சிக்கல் எட்டவே இல்லை.

டொமைன் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டில் இப்படித் தேடுங்கள்:

செட்எஸ்பிஎன் -க்யூ எம்எஸ்எஸ்க்யூஎல்எஸ்விசி/கிடங்கு*

எந்தக் கணக்கின் கீழ் பதிவு இருக்கிறது என்று வரும். அது பழைய சர்வீஸ் கணக்காகவோ ‘கிடங்கு-ஓல்ட்’ கணினிக் கணக்காகவோ இருந்தால், -டி போட்டு அங்கிருந்து நீக்கி, -எஸ் போட்டுப் புது சர்வீஸ் கணக்கில் சேருங்கள். முழு டொமைன் பெயரோடு, போர்ட் 1433 சேர்த்து ஒன்று, போர்ட் இல்லாமல் ஒன்று, ஆக இரண்டு பதிவு. -ஏ வேண்டாம், -எஸ்தான் வேண்டும்; இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது சேர்க்கும். ‘கிடங்கு-நியூ’ பெயரில் எஞ்சியிருக்கும் பதிவுகளையும் துடைத்துவிடுங்கள். புது சர்வீஸ் ‘என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்’ என்ற மெய்நிகர் கணக்கில் ஓடினால், வழியில் நிற்கும் பழைய பதிவை நீக்கி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலே போதும்; கணினிக் கணக்கின் கீழ் தானே பதிந்துகொள்ளும். பதிந்ததா இல்லையா என்பது எரர் லாக் கோப்பின் தொடக்க வரிகளில் இருக்கும்.

சரிபார்க்க, ஊழியர் ஒருவரின் கணினியிலிருந்து விண்டோஸ் லாகினில் இணைந்து, சிஸ்.டிஎம்_எக்ஸெக்_கனெக்ஷன்ஸில் ஆத்_ஸ்கீம் பத்தியைப் பாருங்கள். கெர்பரோஸ் என்று வர வேண்டும். சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் என்டிஎல்எம் என்றுதான் வரும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டிக்கெட்டுகள் கிளையன்ட்டில் சேமிப்பில் இருக்கும் என்பதால், சோதிக்கும் கணினியில் ‘கேலிஸ்ட் பர்ஜ்’ ஓட்டிவிட்டோ ஊழியரை ஒருமுறை லாக் ஆஃப் செய்யச் சொல்லிவிட்டோ பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சீக்கிரம் கண்ணில் படப்போவது: இயந்திரத்தின் சொந்த விண்டோஸ் கணக்குகள். டொமைன் கணக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. புது இயந்திரத்தில் உருவாக்கிய லாகின் ‘கிடங்கு-நியூ\பேக்கப்’ என்று இருந்தால், எஸ்ஐடி மாறாததால் ஆல்டர் லாகின், வித் நேம் என்று பெயரை மட்டும் மாற்றினால் சரி. பழைய இயந்திரத்தில் இருந்த ‘கிடங்கு\பேக்கப்’தான் ஏமாற்றும். இப்போது புதியதும் கிடங்குதான், பயனர் பெயரும் பேக்கப்தான், எழுத்துக்கு எழுத்து அதே பெயர். ஆனால் எஸ்ஐடி வேறு. ரீஸ்டோர் செய்த தரவுத்தளத்துக்குள் இருக்கும் பயனர் பழைய எஸ்ஐடியோடு அநாதையாக நிற்பார். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், உள்ளே விடாது. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஆல்டர் யூசர், வித் லாகின் போட்டுப் புது லாகினோடு இணைக்க வேண்டும். எஸ்க்யூஎல் லாகின்களை எஸ்ஐடியோடு கொண்டுவராமல் கையால் உருவாக்கியிருந்தாலும் இதே மருந்துதான்.

ஒரு கணினி மட்டும் இணைய மறுத்தால் சர்வரில் தேடாதீர்கள். அந்தக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ எஸ்க்யூஎல் கிளையன்ட் அலையஸிலோ பழைய ஐபி முகவரி எழுதப்பட்டிருக்கும். அலையஸ் 32-பிட்டுக்குத் தனி, 64-பிட்டுக்குத் தனி. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவது சகஜம். புது ஓடிபிசி டிரைவர் 18 போட்ட கணினியில் ‘டார்கெட் பிரின்சிபல் நேம்’ தவறு என்று வந்தால், அந்த டிரைவர் இயல்பாகவே என்கிரிப்ஷன் கேட்பதால் சர்வர் சான்றிதழில் உள்ள பெயரைப் பார்க்கிறது. ‘கிடங்கு-நியூ’ பெயரில் வாங்கிய சான்றிதழை மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய இயந்திரத்தின் பெயரை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு புதியதைத் தொட்டீர்கள் அல்லவா, அந்த வரிசை மிகச் சரி. அது செத்துப்போய்க் கணினிக் கணக்கு மட்டும் டைரக்டரியில் கிடந்திருந்தால் சிரமப்பட்டிருப்பீர்கள். அப்படிக் கிடக்கும் கணக்கின் பெயரில் வேறொருவர் ஓர் இயந்திரத்தை டொமைனில் சேர்ப்பதை 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 2732 என்ற பிழையோடு தடுக்கிறது.

ஆனால் ‘கிடங்கு-ஓல்ட்’ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஏஜென்ட் சர்வீஸை இன்றைக்கே டிசேபிள் செய்யுங்கள். ஸ்டாப் செய்தால் மட்டும் போதாது, ரீபூட்டில் எழுந்துவிடும். அதன் ஜாப்கள் நெட்வொர்க்கில் பழைய இடத்துக்கே பேக்கப் எழுதும். புது சர்வரின் பேக்கப்பும் அதே கோப்புப் பெயரில் போனால் எது யாருடையது என்று தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். அதன் தரவுத்தளங்களையும் ஆஃப்லைனாக்குங்கள். இடமாற்றத்தின்போதே கடைசி லாக் பேக்கப்பை ‘வித் நோரெக்கவரி’ என்று எடுத்திருந்தால் பழைய தரவுத்தளம் ரீஸ்டோரிங் நிலைக்குப் போய், யாரும் தெரியாமல் அதில் பில் போட வழியில்லாமல் இருந்திருக்கும். லாக் பேக்கப் எடுக்க முடியாத சிம்பிள் ரெக்கவரி மாடலில் இந்த வழி செல்லாது.

பெயரை மாற்றியது தவறா என்றால், இல்லை. நாற்பது கணினியில் இணைப்பைத் திருத்துவதைவிட இது குறைந்த வேலை. ஆனாலும் அடுத்த இயந்திரம் வாங்கும்போது இதையெல்லாம் மறுபடி செய்யாமலிருக்க, டிஎன்எஸ்ஸில் ‘கிடங்குதரவு’ என்பதுபோல ஒரு சிநேம் (இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) போட்டு இப்போதைக்குக் கிடங்கை நோக்கித் திருப்பிவையுங்கள். கணினிகளை ஒவ்வொன்றாக, வேறு வேலைக்குத் தொடும்போது, அந்தப் பெயருக்கு மாற்றிக்கொண்டே வரலாம். அதன் டிடிஎல்லை (மற்றக் கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஐந்து நிமிடமாக வையுங்கள். இயல்பான ஒரு மணி நேரம் விட்டால் மாற்றும் நாளில் அவ்வளவு நேரம் காத்திருக்க நேரிடும். சிநேமுக்குப் பதிலாக ஏ ரெக்கார்டு (நேரே ஐபி முகவரியைச் சுட்டும் பதிவு) போட்டால் அந்தப் பெயருக்கும் எஸ்பிஎன் பதிய வேண்டும்; எதைப் போட்டாலும் என்கிரிப்ஷன் சான்றிதழில் அந்தப் பெயர் சேர வேண்டும். கணினிகள் எல்லாம் அந்தப் பெயருக்கு வந்துவிட்டால் அடுத்த இயந்திரத்துக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், 15 எழுத்துக்குள். ஹைஃபன் மட்டும் வேண்டாம். நான்கு பகுதிப் பெயர் (சர்வர், தரவுத்தளம், ஸ்கீமா, டேபிள்) எழுதும் ஒவ்வொரு இடத்திலும் சதுர அடைப்புக்குறி போட நேரிடும், யாராவது ஒருவர் மறந்துவிடுவார்.

ரீஸ்டோர் செய்த தரவுத்தளங்கள் இன்னும் 120 என்ற கம்பாட்டிபிலிட்டி லெவலில்தான் (எந்தப் பதிப்பைப்போல நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்பு) இருக்கும், 2019-இன் அளவு 150. அதை இந்த வாரம் தொடாதீர்கள். பெயர் விவகாரம் முழுதாக ஓய்ந்து, மாதக் கணக்கு முடிப்பு ஒன்று சிக்கலில்லாமல் போன பிறகு, கொயரி ஸ்டோரை (கொயரிகள் எப்படி ஓடின என்று பதிந்துவைக்கும் வசதி) ஆன் செய்துவிட்டு ஒவ்வொரு தரவுத்தளமாக உயர்த்துங்கள்.